புள்ளைய எங்க கூட்டிட்டு போறது, அக்காவ எங்க கூட்டிட்டு போறது

மழை தொடங்குனா எங்க அக்கா மகன் ஸ்கூல் சப்பாத்த போட்டுக்கிட்டுதான் படுப்பான். ஒன்பது வயசு. லேஸ இறுக்கி ரெண்டு முடிச்சு போட்டு, புத்தக பேக்க தலைமாட்டுல வச்சு, பாய கதவுக்கு கிட்ட இழுத்துப் போட்டுக்கிட்டு கிடப்பான். தூங்க மாட்டான், தகரத்துல மழை விழுற சத்தத்த கேட்டுக்கிட்டே இருப்பான். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் மழைக்கு எங்க தேயிலைத் தோட்டத்து டிவிசன்ல மேல் லயத்துக்கு, அதான் வரிசை வீடுகளுக்கு, பின்னால மண் சரிஞ்சப்போ அவனோட அப்பாயி அங்க தொங்கல் காம்பராவுலதான், கடைசி அறையில, இருந்தாங்க. தினமும் அவங்க கூடதான் படுப்பான், அன்னைக்கு மட்டும் குளிர் அடிக்குது சளி புடிக்கும்னு சொல்லி அக்கா கீழ கூட்டிட்டு வந்துட்டா.

அதுக்கப்புறம் அக்காவும் பழைய அக்காவா இல்ல. கொழுந்துக்கு போவா, ஆனா அந்த மேல் மலைய குடுத்தா பெரட்டுலயே, காலையில வேலை பிரிச்சு குடுக்கிற இடத்துலயே, திரும்பி வந்துருவா. சோத்துல கைய வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருப்பா. ஈர மண் வாசம் பட்டா குமட்டும். அத்தான் கொழும்புல கடையில வேலை, மாசத்துக்கு ஒருக்காதான் வருவாரு, வந்தாலும் அவங்க அம்மாவ பத்தி வீட்டுல யாரும் பேசக்கூடாதுனு சொல்லிருவாரு.

இந்த ரெண்டு பேரையும் எங்க கூட்டிட்டு போறதுனு நானும் அம்மாவும் மாசக்கணக்கா அலைஞ்சோம். ஆளுக்கு ஒன்னு சொன்னாங்க, கோயிலுக்கு போ, கிளினிக்குக்கு போ, டிஎஸ் ஒபிஸ்ல (பிரதேச செயலகத்துல) கேளு, கண்டில பிரைவேட்டா ஒருத்தர் இருக்காரு, போன்ல பேசுனா போதும்னு. மலையகத்துல இந்த புயலுக்கு அப்புறம் எத்தன வீட்டுல இதே பிரச்சினை இருக்கும்னு எனக்கு தெரியும், அதனாலதான் ஒவ்வொன்னும் எப்படி இருந்துச்சுனு ஒப்பிட்டு எழுதுறேன். எங்களுக்கு கடைசியில புள்ளைக்கு ஒரு இடமும் அக்காவுக்கு வேற ஒரு இடமும்தான் சரிவந்துச்சு.

முதல்ல அந்த முதல் மாசத்த பத்தி சொல்லணும், ஏன்னா அதுலதான் எல்லாரும் அவசரப்படுறாங்க. பெரிய இழப்பு நடந்து முதல் சில வாரத்துல தூக்கம் வராம இருக்கிறது, திடுக்குனு எழும்புறது, புள்ளைங்க படுக்கையில ஒன்னுக்கு போறது, அம்மாவ விட்டு அசையாம ஒட்டிக்கிறது இதெல்லாம் வர்றது வழமைதான், நிறைய பேருக்கு பாதுகாப்பான இடமும் வேளைக்கு சாப்பாடும் சொந்தக்காரங்களும் கிட்ட இருந்தாலே கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு போயிரும். ஒரு மாசம் தாண்டியும் அப்படியே இருந்தா, இல்லாட்டி கூடிக்கிட்டே போனாதான் பி.டி.எஸ்.டி, அதாவது பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் விடாம தொடர்ற மனநோய், மாதிரி இருக்குமானு பாக்க சொல்றாங்க. அதுக்காக ஒருத்தர் சாகணும் போல இருக்குனு சொன்னா ஒரு மாசம் பாத்துக்கிட்டு இருக்கிறதில்ல, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகணும்.

முகாம்ல இருந்தப்போ ஒரு குழு வந்து புள்ளைங்கள எல்லாம் வட்டமா உக்கார வச்சு, கலர் பென்சில் குடுத்து, அன்னைக்கு நடந்தத வரைங்க, வரைஞ்சத எழும்பி நின்னு சொல்லுங்கனு சொன்னாங்க. நம்ம புள்ள மண்கலர்ல பேப்பர் முழுக்க கீறிட்டு நின்னுக்கிட்டே இருந்தான், வாயே தொறக்கல, அவங்க போட்டோ எடுத்துக்கிட்டாங்க. அதோட சரி, திரும்பி வரல. அன்னைக்கு ராத்திரிதான் முதல் தடவையா சப்பாத்தோட படுத்தான். அவங்க கெட்ட எண்ணத்துல செஞ்சிருக்க மாட்டாங்க, ஆனா எல்லாரையும் சேத்து உக்கார வச்சு ஒரே நாள்ல நடந்தத எல்லாம் கொட்ட வைக்கிற முறைய உலக சுகாதார நிறுவனமே வேணாம்னுதான் சொல்லுது, அது உதவலனு ஆராய்ச்சியில பாத்துட்டாங்க. அந்த நேரத்துக்கு தேவைனு அவங்க சொல்றது உளவியல் முதலுதவி. என்ன தேவைனு பாக்கிறது, பேச விரும்புறவங்கள கேக்கிறது, சொந்தக்காரங்களோடயும் சேவைகளோடயும் சேத்து விடுறது, அவ்வளவுதான். பேச விரும்பாதவங்கள பேச வைக்கவே கூடாது. உங்க இடத்துக்கு யாராவது வந்தா அடுத்த கிழமையும் வருவீங்களானு கேளுங்க, வரமாட்டோம்னா புள்ளைங்கள வச்சு விளையாட்டு காட்டிட்டு போகட்டும், அந்த நாள தோண்ட விடாதீங்க.

கோயில். இத சும்மா ஒதுக்கிட்டு போக எனக்கு மனசு வரல. பயந்துருச்சுனு சொல்லி அம்மா முதல்ல கூட்டிட்டு போனது எங்க மாரியம்மன் கோயிலுக்குதான், பூசாரி தாத்தா வேப்பிலையால தடவி திருநீறு போட்டு கையில கயிறு கட்டி விட்டாரு. அன்னைக்கு ராத்திரி புள்ள நல்லா தூங்குனான், உண்மையா தூங்குனான். அவர் அவன்கிட்ட ஒரு கேள்வியும் கேக்கல, தலையில கைய வச்சு "ஒனக்கு ஒன்னும் வராது சாமி"னு மட்டும் சொன்னாரு. அக்காவுக்கும் கோயில்லதான் ஒரு விஷயம் நடந்துச்சு, பதினாறாம் நாள் காரியத்துல பெரியவங்க ஒப்பாரி வைக்கவும் அதுவரைக்கும் ஒரு சொட்டு கண்ணீர் விடாதவ முதல் தடவையா அழுதா. சாவு வீட்டுல கட்டிப்புடிச்சு அழுறதுக்கும் பேர சொல்லி அழுறதுக்கும் நம்ம சனத்துக்கு ஒரு முறை இருக்கு, அது இல்லாம போன வீடுகள்ல, பொணமே கிடைக்காத வீடுகள்ல, எவ்வளவு கஷ்டம்னு கொஸ்லந்தை மீரியபெத்தை சனத்த கேட்டா தெரியும், 2014 அக்டோபர் 29 காலையில அங்க லயங்கள மண் மூடுனப்போ ஸ்கூலுக்கு போயிருந்ததால தப்பிச்ச புள்ளைங்க திரும்பி வர்றப்போ வீடே இல்ல.

ஆனா கயிறு கட்டியும் மழை வந்தா சப்பாத்து மாறல. பிறகு சொந்தத்துல ஒருத்தர் சொல்லி ஒரு கோடாங்கிகிட்ட போனோம், அவர் உடுக்கை அடிச்சு, செத்த கெழவி இவன கூப்புடுதுனு புள்ளைக்கு முன்னாலயே சொல்லிட்டாரு. நான் அங்க படுத்திருந்தா அப்பாயி தனியா போயிருக்க மாட்டாங்கனு ஏற்கனவே மனசுக்குள்ள வச்சிருந்த புள்ள அது. அதனால என் கணக்கு இப்படித்தான்: ஆறுதல் குடுக்கிற சாமி காரியம் எதையும் விட வேணாம், டாக்டர்கிட்ட போறதுக்காக அத நிறுத்தவும் வேணாம், ஆனா பயமுறுத்துற இடம், அடிக்கிற இடம், மருந்த நிறுத்துனு சொல்ற இடம், பெருசா காசு கேக்கிற இடம், அங்க இருந்து உடனே வெளிய வந்துரணும்.

ஆஸ்பத்திரி மனநல கிளினிக்க எடுத்தா, பெரிய நன்மை காசு. அரசாங்க ஆஸ்பத்திரியில டாக்டரும் இலவசம் மருந்தும் இலவசம். பெரிய ஆஸ்பத்திரிகள்ல மனநல வைத்திய நிபுணர் இருப்பாங்க, ஆதார வைத்தியசாலை மாதிரி இடங்கள்ல மனநல வைத்திய அதிகாரி இருப்பாங்க, ஓ.பி.டியில சொன்னா அங்க எழுதி விடுவாங்க. அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாங்கனு நம்ம ஆக்கள் பயப்படுறாங்க, அந்த ஒரு பேரே லயத்துல போதும், கல்யாணம் பேசுறது வரைக்கும் பேசுவாங்க. எங்க அக்காவ யாரும் எங்கயும் அனுப்பல, மாசத்துக்கு ஒருக்கா போய் பாத்துட்டு வர்றா.

கஷ்டம் ரெண்டு. ஒன்னு நாள். காலையில ஆறு மணி பஸ் எடுத்து, நம்பர் துண்டு வாங்கி, உக்காந்து, டாக்டர பாத்து மருந்து எடுத்து வீடு வர பின்னேரம் ஆயிரும், அன்னைக்கு பேர் இல்ல, சம்பளம் இல்ல. கிழமைக்கு ஒருக்கா வாங்கனு சொன்னா தோட்டத்துல வேலை செய்ற ஒருத்தியால எப்படி போக முடியும். மத்தது பாஷை. முதல் தடவை போனப்போ டாக்டருக்கு தமிழ் குறைவு, நல்லவரு, அவசரப்படாமதான் கேட்டாரு, ஆனா மொழிபெயர்க்க நின்னவங்க எங்க பக்கத்து டிவிசன் ஆள். அக்கா அவங்க மூஞ்சிய ஒருக்கா பாத்தா, பிறகு குனிஞ்சுக்கிட்டு "தலைவலி சேர், தூக்கம் இல்ல"னு மட்டும் சொன்னா. மாமியாரோட கடைசி வார்த்தை "அவன விட்டுட்டு போ புள்ள, எனக்கு குளிருது"னு சொன்னது, அத பக்கத்து டிவிசன் ஆளுக்கு முன்னால எப்படி சொல்லுவா. தலைவலிக்கும் தூக்கத்துக்கும்தான் மருந்து கிடைச்சுச்சு. ரெண்டாவது தடவை நான் கூட போய், தெரிஞ்ச ஆள் இல்லாம வேற தமிழ் தெரிஞ்ச நர்ஸ் ஒருத்தங்கள கேக்கலாமானு கேட்டேன், கேட்டதும் குடுத்துட்டாங்க. இத நீங்களும் கேக்கலாம், அது உரிமை, யாரும் கோவிக்க மாட்டாங்க.

மருந்து பத்தி ஒன்னு சொல்லணும். பெரியவங்களுக்கு பி.டி.எஸ்.டியோட மனச்சோர்வும் சேந்து இருந்தா செர்ட்ரலின் மாதிரி மருந்து குடுப்பாங்க, அது வேலை செய்ய சில வாரம் எடுக்கும், நாலு நாள் குடிச்சிட்டு ஒன்னும் இல்லனு விட்டுறக்கூடாது, நிறுத்துறதா இருந்தாலும் டாக்டர்கிட்ட சொல்லிட்டுதான் நிறுத்தணும். அதே நேரம் டயசிபாம் மாதிரி தூக்க மாத்திரைய அதிர்ச்சி நடந்த முதல் மாசத்துல அந்த அறிகுறிகளுக்காக குடுக்க வேணாம்னு உலக சுகாதார நிறுவனம் 2013ல சொல்லிருக்கு, புள்ளைங்களுக்கும் அதேதான். பாமசியில சும்மா கேட்டு வாங்கி குடுக்காதீங்க, அதுவும் வீட்டுல குடிக்கிற ஆள் இருந்தா அந்த மாத்திரையும் சாராயமும் சேந்தா உயிருக்கே ஆபத்து.

புள்ளைக்கு மருந்து முதல் வழி இல்ல, பேச்சும் விளையாட்டும்தான். பேர்கள் கேட்டு பயப்பட வேணாம். அதிர்ச்சிய மையமா வச்ச சி.பி.டினு, நினைப்பையும் நடத்தையையும் மாத்த பழக்குற பேச்சு வைத்தியம் ஒன்னு இருக்கு, வழமையா 12ல இருந்து 16 தடவை போகணும், புள்ளைக்கு மட்டும் இல்லாம பாத்துக்கிற ஆளுக்கும் அதுல பங்கு இருக்கு. ஈ.எம்.டி.ஆர்னு இன்னொன்னு, 1987ல அமெரிக்காவுல ஃபிரான்சின் ஷபிரோ தொடங்குனது, அந்த ஞாபகத்த மனசுல வச்சுக்கிட்டே கண்ண இடமும் வலமும் அசைக்க சொல்லுவாங்க. இந்த ரெண்டும் பெரியவங்களுக்கும் புள்ளைங்களுக்கும் சரினு அதே 2013 வழிகாட்டல்ல இருக்கு, ஆனா ஈ.எம்.டி.ஆர் பயிற்சி எடுத்த தமிழ் ஆள எங்க பக்கம் தேடி எனக்கு கிடைக்கல.

எனக்கு நம்பிக்கை குடுத்தது மூணாவது ஒன்னு, ஏன்னா அது நம்ம நாட்டுலயே தமிழ் புள்ளைங்களோட செஞ்சு பாத்தது. 2004 சுனாமிக்கு அப்புறம் வடகிழக்குல பி.டி.எஸ்.டி அறிகுறி இருந்த 31 புள்ளைங்கள ரெண்டா பிரிச்சு, ஒரு பகுதிக்கு வாழ்க்கை கதைய ஆரம்பத்துல இருந்து சொல்ல வைக்கிற முறை ஆறு தடவை, மத்த பகுதிக்கு தியானமும் உடம்ப தளர்த்துறதும் ஆறு தடவை. செஞ்சவங்க பயிற்சி எடுத்த உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாசம் கழிச்சு பாத்தா முதல் பகுதியில 81 வீதமும் ரெண்டாவதுல 71 வீதமும் தேறியிருந்தாங்க. சின்ன ஆராய்ச்சி, ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம்னு சொல்லிற முடியாது, ஆனா எனக்கு வேண்டியது அதுல கிடைச்சுச்சு. வெளிநாட்டுல இருந்து பெரிய டாக்டர் வந்தாத்தான் ஆகும்னு இல்ல, ஒழுங்கா பழகுன உள்ளூர் ஆள் ஆறு தடவை ஒழுங்கா உக்காந்தா புள்ள தேறும்.

அந்த மாதிரி ஆள் எங்களுக்கு கிடைச்சது டிஎஸ் ஒபிஸ்ல. பிரதேச செயலகத்துல உளவளத்துணைக்குனு உத்தியோகத்தர்கள் இருக்காங்கனு எனக்கே தெரியாது, வேற வேலையா போனப்போ ஜிஎஸ்தான் (கிராம சேவகர்) சொன்னாரு. இலவசம். எங்க ஆள் தமிழ் மிஸ், நல்லா பயிற்சி எடுத்தவங்க, எல்லா பிரதேசத்துலயும் இப்படி அமையாது, சில இடத்துல தமிழ் ஆளே இல்ல, இருந்தாலும் ஒருத்தரே ஏகப்பட்ட தோட்டத்துக்கு ஓடணும். அவங்க முதல் மூணு தடவை மண் சரிஞ்சத பத்தி ஒரு சொல் பேசல. மூச்ச மெதுவா விடுறதுக்கும், மழை சத்தம் கேட்டா கால் பாதத்த தரையில அழுத்தி அஞ்சு சாமானுக்கு பேர் சொல்றதுக்கும் பழக்குனாங்க. நாலாவது தடவை ஒரு கொடிக்கயித்த தரையில நீட்டி, இதுதான் ஒன் வாழ்க்கை, இந்த முனையில நீ பொறந்த, நல்லது நடந்த இடத்துல பூ வை, கஷ்டம் நடந்த இடத்துல கல்லு வைனு சொன்னாங்க. எங்கள கொஞ்சம் தள்ளி உக்காந்து பாக்க விட்டாங்க. அவன் செவ்வந்தி பூவ ஒன்னொன்னா வச்சான், நாய்க்குட்டி வந்த நாள், அப்பாயி கூட கோச்சியில பதுளைக்கு போன நாள், திருவிழாவுல பலூன் வாங்குனது. பதினோரு பூ வச்சதுக்கு அப்புறம்தான் கல்ல எடுத்தான். ரெண்டு கையாலயும் புடிச்சு வச்சுட்டு, அப்பாயிய விட்டுட்டு வந்தது நான்தானேனு கேட்டான். பக்கத்துல அக்கா அப்படியே விறைச்சு போயிட்டா. அவ இத்தன நாளா அதே கேள்விய தனக்குள்ள வச்சிருந்தா, மகனுக்கும் அது இருக்கும்னு அவளுக்கு தெரியாது.

ஸ்கூல பத்தி சுருக்கமா சொல்றேன். ஆலோசனை வழிகாட்டல் டீச்சர் ஒருத்தர் இருப்பாங்க, அவங்களுக்கும் பாடம் எடுக்கணும், தனி ரூம் இல்ல, ஒபிஸ்ல எல்லாரும் வந்து போற இடத்துல பேசுனா புள்ள வாய தொறக்காது. வைத்தியத்துக்கு அந்த இடத்த நம்பாதீங்க, ஆனா வகுப்பு டீச்சருக்கு விஷயத்த கட்டாயம் சொல்லி வைங்க. மழை நாள்ல இவன ஜன்னலுக்கு கிட்ட இருந்து கதவுக்கு கிட்ட மாத்தி உக்கார வச்சாங்க, அந்த ஒரு சின்ன வேலையில அவன் ஸ்கூல் போக மாட்டேன்னு அழுறது நின்னுச்சு.

பிரைவேட்டுனா கண்டிக்கோ கொழும்புக்கோ போகணும். நேரம் குடுத்து பேசுவாங்க, தமிழ் ஆள தேர்ந்தெடுக்கலாம், லயத்துல யாருக்கும் தெரியாது. ஒரு தடவை போய் வர்ற பஸ் காசும் பீசும் சேத்தா எங்க வீட்டுல ஒரு கிழமை செலவுக்கு மேல, பன்னிரண்டு தடவை எப்படி. ஒரு தடவை போயிட்டு காசு இல்லாம நிறுத்துறது, புள்ளைய திறந்து விட்டுட்டு பாதியில விடுற மாதிரி. வசதி இருந்தா வீடியோ கோல்ல தொடரலாமானு கேளுங்க, ஆனா ஒரே காம்பராவுல ஆறு பேர் இருக்கிற வீட்டுல, சிக்னலுக்கு வெளிய நின்னு மனசுல இருக்கிறத பேச முடியாது. இன்னொன்னு, இங்க கவுன்சலர்னு போர்ட் போட யாரும் போடலாம் போல இருக்கு, எங்க படிச்சீங்க, அதிர்ச்சிக்கு என்ன முறை செய்வீங்க, எத்தன தடவைனு முதல் நாளே கேளுங்க, கேட்டா கோவப்படுறவங்ககிட்ட புள்ளைய விடாதீங்க.

போன் இலக்கங்கள் ராத்திரிக்குதான் உதவும். 1926 தேசிய மனநல நிறுவனத்தோடது, 1333ம் அப்படி மனசு முடியாத நேரத்துல கோல் எடுக்கிற இலக்கம். அக்கா ஒரு ராத்திரி இஸ்தோப்புல உக்காந்து 1926க்கு பேசுனா, யாருனே தெரியாத ஆள்கிட்ட சொல்றது லேசா இருந்துச்சுனு சொன்னா, அதுக்கப்புறம்தான் கிளினிக்ல வாய தொறந்தா. வைத்தியம்னு எடுத்துக்க முடியாது, வைத்தியத்துக்கு போற வழியில ஒரு படினு எடுக்கலாம்.

புள்ளைக்கு நடந்தது மண்சரிவு மாதிரி இல்லாம யாரோ ஒரு ஆள் செஞ்சதுனா இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. அம்மா வெளிநாட்டுல, புள்ள சொந்தக்காரங்க வீட்டுல, அந்த வீட்டுலயே தப்பு நடக்குது, இது நம்ம தோட்டங்கள்ல இருக்கு, மறைக்க வேணாம். அந்த ஆள் இன்னும் அதே காம்பராவுல இருக்கிறப்போ கவுன்சலிங் என்ன செய்யும், முதல்ல புள்ளைய பாதுகாக்கணும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையோட 1929க்கு கோல் எடுங்க, இல்லாட்டி பொலிஸ்ல சிறுவர் பெண்கள் பிரிவு, டிஎஸ் ஒபிஸ்ல சிறுவர் உரிமை உத்தியோகத்தர். மானம் போயிரும்னு ஊர் பெரியவங்க பேசி முடிக்க வந்தா விடாதீங்க, மானம் போறது அந்த ஆளுக்குதான், புள்ளைக்கு இல்ல.

இப்ப எங்க ஏற்பாடு இப்படி. புள்ள கிழமைக்கு ஒருக்கா டிஎஸ் ஒபிஸ் மிஸ்கிட்ட, ஸ்கூல் விட்டு பின்னேரம், நான் கூட்டிட்டு போறேன், அக்கா ரெண்டு கிழமைக்கு ஒருக்கா வந்து உக்காருவா. அக்கா மாசத்துக்கு ஒருக்கா கிளினிக், மருந்து, அதுல பேர் ஒரு நாள்தான் போகும். ரெண்டு பேரையும் ஒரே ஆள்கிட்ட விட்டா வசதிதானேனு அம்மா கேட்டாங்க. ஆனா அக்கா அழணும், கோவப்படணும், மாமியார பத்தி பேசணும், அதெல்லாம் மகன் இருக்கிற இடத்துல வராது. புள்ளைக்கோ அம்மா திடமா இருக்கிறத பாக்கணும். அக்கா மருந்து எடுக்காம, தூங்காம, சாப்புடாம இருந்த வரைக்கும் மிஸ் சொல்லிக்குடுத்தது ஒன்னும் வீட்டுல ஒட்டல, ராத்திரி அவன் மூச்சு பழகுறப்போ பக்கத்துல அம்மா நடுங்கிக்கிட்டு இருந்தா புள்ள எப்படி நம்பும். அதனால காசும் நேரமும் ஒருத்தருக்குதான் இருக்குனா என்ன செய்றதுனு என்ன கேட்டா, புள்ளைய பாத்துக்கிற ஆள முதல்ல கூட்டிட்டு போங்கனுதான் சொல்லுவேன், நிறைய பேர் இத ஒத்துக்க மாட்டாங்க, புள்ளதான் முக்கியம்னு சொல்லுவாங்க.

போன கிழமை ராத்திரி மழை. சப்பாத்து போட்டான். ஆனா லேஸ் கட்டல, பாதி ராத்திரியில தூங்கிட்டான், அக்கா கழட்டி கதவுக்கு பின்னால வச்சா. மிஸ்க்கு இடமாற்றம் வரப்போகுதுனு கேள்விப்பட்டோம், வர்ற ஆள்கிட்ட அவங்களே ஒருக்கா கூட உக்காந்து கைமாத்தி விடணும்னு கேட்டிருக்கோம், சரினு சொல்லிருக்காங்க, திகதி இன்னும் வரல.